கொடுத்தவர் என்ற கட்டம்

“அந்த மஞ்சள் பெட்டியை எடுத்துடு.”

“எதுக்கு?”

“படிக்கிறவங்க பயந்துடுவாங்க. டாக்குமென்ட்ல பயம் வரக் கூடாது.”

“பயமுறுத்தற மாதிரி அதுல என்ன இருக்கு? உள்ளதைத்தான் எழுதியிருக்கேன்.”

“உள்ளதை எல்லாம் எழுதணும்னு யாரு சொன்னா? கமாண்ட் என்ன, போட்டா என்ன வரும், எந்தக் கட்டத்துல என்ன இருக்கும். அவ்வளவுதான் ஒரு பக்கம். நாளைக்குக் காலைல லைவ்ல போகணும். எடுத்துடு மெர்லின், ப்ளீஸ்.”

மெர்லின் ஜன்னல் விளிம்பை விரலால் தொட்டுப் பார்த்தாள். காலையில்தான் துடைத்தாள். மறுபடி கரி. அவள் படிக்கும் மொழிபெயர்ப்பு நாவல்களில் இந்த மாதிரி மாடி அறை ஜன்னலுக்கு வெளியே பனி பெய்துகொண்டிருக்கும். ராயபுரத்தில் துறைமுக லாரிகளின் கரித்தூள் பெய்கிறது. பனியாவது உருகித் தொலையும்.

போனில் பேசுவது ஜெயஸ்ரீ. தரமணியில் இருக்கும் சாஃப்ட்வேர் கம்பெனியில் மெர்லினுக்கு மேலே இருப்பவள். கம்பெனி விற்கும் பொருளுக்குத் ‘துணை’ என்று பெயர். ஆட்கள் செய்ய வேண்டிய வேலையை அவர்கள் சார்பில் செய்து முடிக்கும் ஏஐ ஏஜென்ட்டுகள் அதில் உண்டு. எந்த ஏஜென்ட், யார் சார்பில், என்னென்ன செய்யலாம், அந்த அனுமதியை யார் எப்போது கொடுத்தார் என்று வரிசையாகக் காட்ட இப்போது புதிதாக ஒரு கருவி வந்திருக்கிறது. அதற்கு விளக்கம் எழுதுவது மெர்லினின் வேலை.

கருவி காட்டும் அட்டவணையில் கடைசிக் கட்டத்தின் பெயர் ‘கொடுத்தவர்’. அதற்குக் கீழேதான் அவள் அந்த மஞ்சள் பெட்டியைப் போட்டிருந்தாள்.

‘கவனிக்க: அனுமதி எந்தக் கணக்கிலிருந்து வந்தது என்பதை மட்டுமே இந்தக் கட்டம் காட்டும். கணக்குக்கு உரியவர் தன் கையால் கொடுத்தார் என்பதற்கு இது சாட்சி அல்ல.’

“எடுக்கச் சொல்லி யார் கேட்டா?” என்றாள்.

“ஒரு கஸ்டமர். மணலி பக்கத்துல ஒரு டேங்க் யார்டு. அங்க ஏதோ ஆக்ஸிடென்ட். என்கொயரியில டூல் காட்டற லிஸ்ட்டையும் நம்ம பக்கத்தையும் சேர்த்து வைக்கப் போறாங்களாம். பெட்டி இருந்தா குழப்பம் வரும்கறாங்க.”



அந்த யார்டு அவளுக்குத் தெரியும். அங்கே ஷிஃப்ட் சூப்பர்வைசராக இருந்து, பத்து நாளாகச் சஸ்பென்ஷனில் கீழ் வீட்டில் உட்கார்ந்திருப்பவன் அவளுடைய அண்ணன் டெரிக். அது ஜெயஸ்ரீக்குத் தெரியாது. சொன்னால் இந்தப் பக்கத்தை உடனே வேறு யாரிடமாவது கொடுத்துவிடுவார்கள்.

“பெட்டி இருக்கும்,” என்று சொல்லிப் போனை வைத்தாள்.

கீழே தண்ணீர்க் குழாயடியில் டெரிக் சங்கரா மீனைச் செதில் உரசிக்கொண்டிருந்தான். உரசிய வேகத்தில் செதில் சுவர் வரைக்கும் தெறித்தது. மீன் என்ன பாவம் செய்தது என்று கேட்கத் தோன்றியது மெர்லினுக்கு.

“யார்கிட்ட கத்திக்கினு இருந்த?”

“உன் மேனேஜர் மாசானம் எங்க கம்பெனி வரைக்கும் வந்துட்டாரு.”

“வரட்டும். நாளைக்கு பத்து மணிக்கு என்கொயரியில எழுதிக் குடுத்துட்டா அவன் ஏன் அங்க வரப்போறான்?”

“இன்னான்னு எழுதிக் குடுப்ப?”

“‘சீட்டு என் கையால குடுத்தேன். அலட்சியம் என்னுது.’ ரெண்டு வரிதான். மாசானமே அடிச்சுக் குடுத்துட்டான். கையெழுத்துதான் பாக்கி.”

“போலீஸ் கேஸ் ஆனா?”

“ஆனா ஆவட்டும்.”

“புழல் ஜெயிலுக்கு வந்து உன்னப் பாக்க எனக்கு லீவு இல்ல.”

“இங்கேர்ந்து கிட்டக்கத்தான் கீது. பஸ் வுடறான்.” அவன் நிமிரவில்லை.

நடந்தது இதுதான். ரசாயனம் ஏற்றி வந்த டேங்க் கன்டெய்னர்களைக் கழுவித் தருவது அந்த யார்டின் தொழில். டேங்கின் மேல்மூடியைத் திறந்து ஆள் உள்ளே இறங்குவதற்கு முன்னால் சூப்பர்வைசர் மூடி அருகில் நின்று, மீட்டரை உள்ளே விட்டுக் காற்றைச் சோதித்து, போனில் இறங்கும் சீட்டுக் கொடுக்க வேண்டும். டெரிக் மூக்கை நம்பமாட்டான், மீட்டரை மட்டும்தான் நம்புவான் என்று யார்டில் கேலி செய்வார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாதா கோவில் திருவிழா. சப்பரம் தூக்க டெரிக் மத்தியானத்திலிருந்து விடுப்பு எடுத்திருந்தான். அவன் இடத்துக்கு மாசானம் ஆள் போடவில்லை. மறுநாள் காலை லோடு ஏற்ற ஒரு டேங்க் வேண்டும் என்று மட்டும் நின்றான். மாலையில் டெரிக் பெயரில் இறங்கும் சீட்டு வந்தது. அதை நம்பி வியாசர்பாடிப் பையன் பகலவன் இறங்கினான். கயிறு கட்டித் தூக்கியபோது நினைவு இல்லை. பத்து நாளாக ஆஸ்பத்திரியில் தொண்டைக்குள் குழாயுடன் கிடக்கிறான்.

சீட்டைக் கொடுத்தது துணையின் ஏஜென்ட். அதை யார்டில் ‘மச்சான்’ என்பார்கள். காலையில் எடுத்த மீட்டர் அளவைப் பார்த்து, டெரிக் சார்பில் கொடுத்திருக்கிறது.

“அண்ணா, நீ சப்பரத்துக்கு அடியில இருந்த. ஊரே பாத்துச்சு. உன் கையால எப்படிக் குடுத்திருப்ப?”

“மச்சானுக்கு பர்மிஷன் குடுத்தது நான்தானே.”

“எப்ப குடுத்த? போனைத் திற. ‘என் ஏஜென்ட்டுகள்’னு புதுசா ஒரு பட்டன் வந்திருக்கும். அமுக்கு. எப்ப குடுத்தேன்னு அதுவே சொல்லும்.”

“வேணாம்.”

“அதுக்குத்தானே நான் மூணு வாரமா உக்காந்து விளக்கம் எழுதிக்கினு கீறேன்! ஊர் பேர் தெரியாதவனெல்லாம் படிச்சுத் தெரிஞ்சுக்கப் போறான். என் கூடப் பொறந்தவன் பாக்க மாட்டானா?”

“மெர்லு, மேல போ. உன் வேலையப் பாரு.”

“பயமா?”

கத்தியை அம்மியின் மேல் ஓங்கி வைத்தான். “போன்னு சொன்னேன்ல?”

அவன் இப்படிக் கத்தி அவள் கேட்டதில்லை. அவளும் கத்த வாயெடுத்தாள். எதைச் சொல்லிக் கத்துவது என்று தெரியாமல் படியேறினாள்.

லேப்டாப்பில் பக்கம் திறந்தே இருந்தது. மஞ்சள் பெட்டி இல்லை.

தவறான பக்கத்தைத் திறந்துவிட்டோமோ என்று முதலில் நினைத்தாள். மேலே போனாள், கீழே வந்தாள். ‘கொடுத்தவர்: அனுமதியை வழங்கிய பயனர்’ என்ற ஒரு வரியோடு அட்டவணை முடிந்திருந்தது. அடுத்து நேராக வேறு தலைப்பு. யார் எடுத்தது என்று மாற்றங்களின் வரலாற்றைத் திறந்தாள்.

மாற்றியவர்: மெர்லின் இக்னேஷியஸ்.

அவள் கீழே அண்ணனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்த நேரம் அது.

ஒரு கணம், தானேதான் அழித்துவிட்டு மறந்துவிட்டோமோ என்றுகூடத் தோன்றியது. கதைகளில் அப்படி வரும். ஒருவனைப் போலவே இன்னொருவன் இருப்பான், அவன் இல்லாதபோது அவன் நாற்காலியில் உட்கார்ந்து அவன் கையெழுத்தைப் போடுவான். படிக்கும்போது எவ்வளவு அழகாக இருந்தது!

புதிய கருவியைத் தன் பெயர் கொடுத்து ஓட்டினாள். ஒரே வரி வந்தது.

ஏஜென்ட்: பிழை திருத்தி. சார்பில்: மெர்லின் இக்னேஷியஸ். செய்யக்கூடியவை: திருத்த, நீக்க, வெளியிட. கொடுத்தவர்: மெர்லின் இக்னேஷியஸ்.

போன வருஷம் எழுத்துப்பிழை பார்ப்பதற்காக அதைச் சேர்த்தாள். ஒரு கேள்வி வந்தது, ஆம் என்றாள். ஒற்றெழுத்து விட்டுப்போனால் போடும் என்று நினைத்திருந்தாள். இப்போது ஜெயஸ்ரீ அந்த ஏஜென்ட்டிடம் ஒரு வரி சொன்னால் போதும். அது மெர்லினாக மாறி மெர்லின் எழுதியதை அழிக்கும்.

ஜெயஸ்ரீயைப் போனில் கூப்பிட்டாள்.

“என் பேர்ல அழிச்சீங்களா?”

“மெர்லின், டென்ஷன் ஆகாத. நீ போனை வெச்சுட்ட. டெட்லைன் இருக்கு. ஏஜென்ட்கிட்டச் சொன்னேன், அது பண்ணிடுச்சு.”

“என் பேர்ல.”

“உன் பக்கம், உன் பேர்லதானே இருக்கும்? சிஸ்டம் அப்படித்தான்.”

“நாளைக்கு ஒருத்தன் கேட்டா, நான்தான் எடுத்தேன்னு அதுல இருக்கும். நான் எடுக்கவே இல்ல. இதைத்தானே அந்தப் பெட்டியில எழுதியிருந்தேன்! அழிச்சு நீங்களே நிரூபிச்சுட்டீங்க.”

“இவ்வளவு எமோஷனலா ஏன் எடுத்துக்கற? யாரோ ஒரு சூப்பர்வைசர்...”

“யாரோ இல்ல. என் அண்ணன்.”



“உன் அண்ணனா?” ஜெயஸ்ரீயின் குரல் இப்போது ஆபீஸ் குரலாகியிருந்தது. “அப்போ நீ அந்தப் பக்கத்தைத் தொடவே கூடாது.”

“பெட்டியை எழுதினது ஆக்ஸிடென்ட்டுக்கு முன்னாடி. தேதி இருக்கு, பாருங்க.”

“தேதியெல்லாம் ஹெச்ஆர் பார்த்துக்கட்டும். காலைல எட்டு மணிக்கு மீட்டிங். அதுவரைக்கும் எதையும் மாத்தாத.”

போன் துண்டிக்கப்பட்டது. மெர்லின் முதல் வேலையாகப் பிழை திருத்திக்குக் கொடுத்த அனுமதியை நீக்கினாள். இரண்டாவதாக மஞ்சள் பெட்டியைத் திரும்ப வைத்தாள். இந்த முறை அவளே, அவள் விரலால், ஒவ்வொரு எழுத்தாக. வேலை போனால் போகட்டும். இந்த வரலாற்றில் ஒரு வரியாவது உண்மையாக இருக்கட்டும்.

பிறகு படியிறங்கினாள். மீன் துண்டுகள் மஞ்சள் தடவித் தட்டில் இருந்தன. டெரிக் கை கழுவிக்கொண்டிருந்தான். அவன் போன் அரிசி டிரம் மேல் கிடந்தது. எடுத்து அவன் முன்னால் நீட்டினாள்.

“விரலை வை.”

“மெர்லு...”

“வைக்கலன்னா நாளைக்கு உன் யார்டு கேட்ல வந்து நின்னு கத்துவேன். நான் சொல்லிட்டு செய்யாம இருந்திருக்கேனா?”

அவன் ஈரக் கட்டைவிரலை லுங்கியில் துடைத்து வைத்தான். அவளே அந்தப் பட்டனை அமுக்கினாள்.

சார்பில்: டெரிக். செய்யக்கூடியவை: இறங்கும் சீட்டு வழங்க. காலம்: இனி எப்போதும். கொடுத்தவர்: டெரிக். திருவிழா ஞாயிறு, மாலை ஆறரை.

“ஆறரைக்கு சப்பரம் கல்மண்டபம் தாண்டுச்சு,” என்றாள். “உன் தோள்மேல கொம்பு. அப்போ போன்...”

சொல்லும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

சப்பரம் தூக்கும் ஆண்கள் சட்டைப்பையில் எதையும் வைத்துக்கொள்ளமாட்டார்கள். பர்ஸ், போன், செருப்பு எல்லாம் வீட்டுப் பெண்களின் பையில் இருக்கும். பெண்கள் ஜெபமாலை சொல்லியபடி பின்னால் வருவார்கள். டெரிக்கின் போன் அண்ணி டெபோராவின் பையில் இருந்தது. அந்தப் போன் அண்ணியின் கட்டைவிரலுக்கும் திறக்கும். கல்யாணமான புதிதில் அவனே அவள் விரலைப் பிடித்துப் பதிய வைத்தான். எத்தனை பேரிடம் அதைச் சொல்லியிருப்பாள் அவள்! ‘ஊர்ல அவனவன் நகை வாங்கிக் குடுப்பான், எங்காளு போனைக் குடுத்தாரு’ என்று.

“உனக்குத் தெரியும்,” என்றாள் மெர்லின்.

“அன்னிக்கு நைட்டே போன்ல மெசேஜ் பாத்துட்டேன்.”

“அதான் கையெழுத்துப் போடப் போறியா? அண்ணிக்குத் தெரியுமா?”

“தெரியாது. தெரியவும் வேணாம்.” அவன் குரல் தாழ்ந்தது. “போலீஸ் ஸ்டேஷன்ல அவள உக்கார வெப்பானுங்க மெர்லு. எல்.கே.ஜி. பசங்களுக்கு ரைம்ஸ் சொல்லிக் குடுக்கறவ அவ. ‘நீதான் ஒருத்தன டேங்க்ல தள்ளுன’ன்னு கேட்டா, அத்தோட முடிஞ்சுது அவ கதை. என் பேர்லதானே கீது? என்னோடயே போவட்டும். வாய மூடிக்கோ.”

“யாரு வாய மூடணும்?”

இருவரும் திரும்பினார்கள். பள்ளிக்கூடப் பை தோளில் தொங்க, செருப்பைக்கூடக் கழற்றாமல் டெபோரா வாசற்படிக்குள் நின்றாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று அவள் முகம் சொன்னது.

“தெபோ, ஒண்ணுமில்ல. உள்ள வா.”

“வூட்டுக்கு உள்ளதான் கீறேன்.” நேரே வந்து மெர்லின் கையிலிருந்த போனை வாங்கினாள். அந்த வரியைப் படித்தாள். உதடு அசைந்தது. மறுபடி படித்தாள்.

“நாலு போன் என் பையில. உன்னுது மட்டும் வுடாம அடிச்சுக்கினே இருந்துச்சு. முன்னாடி ஜெபமாலை சொல்றவங்க திரும்பித் திரும்பி மொறைச்சாங்க. எடுத்துப் பாத்தேன். ‘நீங்கள் விடுப்பில் இருக்கிறீர்கள், உங்கள் சார்பில் நானே முடிக்கட்டுமா’ன்னு கேட்டுச்சு. முடிச்சுத் தொலைன்னு அமுக்கினேன். லீவு விஷயம்னு நெனச்சேன்.” மெர்லின் பக்கம் திரும்பினாள். “ஒரே ஒரு தடவதான் அமுக்கினேன் மெர்லின். இதுல ‘இனி எப்போதும்’னு கீது?”

“அது முன்னாடியே டிக் போட்டு வரும் அண்ணி.”

“யார் போட்டது?”

“எங்க கம்பெனிதான்.”

“நல்லா இருப்பீங்க.”

மெர்லின் தலை குனிந்தாள். அந்தக் கேள்வித் திரையை அவள் வடிவமைக்கவில்லை. ஆனால் அதைப் பற்றி, ‘எளிதாக ஒரே தொடுதலில்’ என்று எழுதியவள் அவள்.

“தெபோ, நீ தெரியாம செஞ்ச,” என்று டெரிக் நெருங்கினான். “நான் பாத்துக்கறேன். நாளைக்கு நான் எழுதிக் குடுத்துட்டு...”

“இன்னான்னு?”

அவன் அவள் கையிலிருந்த போனை வாங்கப் பார்த்தான்.

“‘என் கையால குடுத்தேன்’னா? எது உன் கை? இதா?” தன் கட்டைவிரலை அவன் மூக்குக்கு முன்னால் நீட்டினாள். “பத்து நாளா தினம் சாயங்காலம் அந்தப் பையனுக்காக மெழுகுவத்தி ஏத்திட்டு வரேன். ‘எந்தப் பாவி அவன எறக்கினானோ’ன்னு உன்கிட்டயே சொல்லி அழுதேன். கேட்டுக்கினு சாப்பிட்டியே! ‘போதும் தெபோ, அழாத’ன்னு சொன்னியே! எல்லாம் தெரிஞ்சுக்கினு!”

“உனக்காகத்தான்...”

“நான் கேட்டனா? என்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா? என் பாவத்த நீ எடுத்துக்கினு போறதுக்கு உனக்கு யார் குடுத்தா அந்த உரிமைய?” கையை ஓங்கிக் கதவில் அறைந்தாள். “அஞ்சு வயசுப் பசங்ககூட தப்பு செஞ்சா எழுந்து நிக்குதுங்க, தெரியுமா? ‘மிஸ், நான்தான்’னு நிக்குதுங்க!”

வெளியே ஆட்டோ ஒன்று வந்து நின்றது. இன்ஜின் அணையவில்லை. காக்கிச் சட்டையோடு ஒரு பெண் இறங்கி வந்தாள். பகலவனின் அக்கா செங்கொடி. ஆட்டோ ஓட்டுகிறவள். விபத்து நடந்த அன்று ஆஸ்பத்திரி வாசலில் டெரிக்கின் சட்டையைப் பிடித்து உலுக்கியவள்.

வாசலுக்கு வெளியிலேயே நின்றாள்.

“உள்ள வா,” என்றான் டெரிக்.

“உன் வூட்டுக்கு விருந்துக்கு வரல. சேதி சொல்ல வந்தேன்.” கண்கள் தூங்கிப் பல நாளாகியிருந்தன. “காலைல கொழா எடுத்துட்டாங்க. பேசறான். இன்னா பேசினான் தெரியுமா? எங்கம்மாவ கேக்கல, என்ன கேக்கல. ‘டெரிக் அண்ணன் வந்தாரா’ன்றான்.”

டெரிக் வாசற்படி வரை வந்தான்.

“அன்னிக்கு கூட இருந்தவங்க ‘வாட அடிக்குதுடா, எறங்காத’ன்னு சொல்லியிருக்காங்க. இவன்தான் போனைக் காட்டியிருக்கான். ‘அண்ணன் பேரு போட்டிருக்கு பாரு. லீவுல போனாலும் அண்ணன் பாக்காம அனுப்ப மாட்டாரு’ன்னுட்டு எறங்கியிருக்கான். வேற எவன் பேரு போட்டிருந்தாலும் எறங்கியிருக்க மாட்டான். உன் பேரு. அத நம்பிப் போனான்.” விரலை அவனை நோக்கி நீட்டினாள். “எனக்கு உன் கம்பெனி காசு வேணாம். மாசானம் கொண்டாந்து நீட்டினான், மூஞ்சில வீசிட்டேன். கம்ப்யூட்டர் செஞ்சுச்சுன்ற கதையும் வேணாம். கம்ப்யூட்டர் தானா எந்திரிச்சு வந்து செஞ்சுச்சா? எவனோ ஒரு ஆளு ‘சரி’ன்னு சொல்லியிருக்கான். அந்த ஆளு யாருன்னு என் தம்பிக்கு நான் சொல்லணும். அவன் கேக்கறான். நான் இன்னான்னு சொல்றது?”

“நான்தான்,” என்றான் டெரிக்.

“பொய்,” என்றாள் டெபோரா.

அவன் அவள் கையைப் பிடித்தான். உதறிவிட்டுப் பள்ளிக்கூடப் பையைத் தரையில் போட்டாள். அதிலிருந்து சாக்பீஸ்கள் உருண்டன. வாசற்படியைத் தாண்டி வெயிலில் போய், செங்கொடிக்கு எதிரே நின்றாள். இருவரும் ஏறத்தாழ ஒரே உயரம்.

“அவர் இல்ல. நான் அமுக்கினேன். போன் என் பையில இருந்துச்சு. இன்னாதுன்னு படிக்காம அமுக்கினேன். அவரு சப்பரம் தூக்கிக்கினு இருந்தாரு.”

செங்கொடியின் கை உயர்ந்தது. மெர்லின் ஓடி வந்தாள். டெபோரா நகரவில்லை, கண்ணைக்கூட மூடவில்லை.

அந்தக் கை பாதியிலேயே நின்றது. அடிக்கவும் இல்லை, இறங்கவும் இல்லை.

“அடி,” என்றாள் டெபோரா. “அடிச்சாலும் சரி, ஸ்டேஷனுக்கு இட்டுனு போனாலும் சரி, எங்க வேணா நான் கையெழுத்துப் போடறேன், என் பேர்ல. ஆனா அதெல்லாம் அப்புறம். இப்ப அந்தப் பையன் கேட்டதுக்குப் பதில் போவணும். அத நீ சொல்ல வேணாம். இவரும் சொல்ல வேணாம். ஆட்டோ நின்னுக்கினுதான் கீது. என்ன ஏத்திக்கினு போய் உன் தம்பி முன்னாடி நிறுத்துறியா?”